அப்பாவுக்கு அரியர்... அக்காவுக்கு டி.சி.!

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "கவிதை தரட்டுமா?" என்றேன். "ஐயோ சாமி, காதல் கவிதை மட்டும் ஒரு குயர் நோட்டுக்குச் சேர்ந்துபோச்சு. உருப்படியா ஏதாவது எழுதுடா" என்றார். உருப்படியான விஷயம் எது என்று யோசித்தேன். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதையே எழுதுகிறேன். நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இதே கதை இருக்கும் என்பது என் எண்ணம்.

மார்க் ஷீட் வாங்காத மாணவன் உண்டா? இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் படி ஏறாத நம் அப்பா அம்மாவுக்கும் ஒரு மார்க் ஷீட் இருக்கிறது என்பது நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? பரீட்சை எழுதாமலே மார்க் போடுகிறார்கள். குறைந்தது 300, அதிகபட்சம் 900. மக்கள் வாயில் அதற்குப் பெயர் 'சிபில் ஸ்கோர்'. அதில் அப்பா அரியர் வைத்தால் டி.சி. கிழிவது பிள்ளைக்கு. எங்கள் வீட்டில் கிழிந்தது.

எங்கள் வீட்டுக் கதை

எனக்கு ஊர் பாம்பன் பக்கம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா கருவாடு போட்டு விற்கிறார். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். டிப்ளமோ எலக்ட்ரிகல், எண்பத்தாறு சதவீதம். 2023-ல் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. கலந்தாய்வில் அவளுக்கு ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு மூன்றரை லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் தேவையில்லை, பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று கேள்விப்பட்டு, ஒரு வங்கிக்குப் போனோம். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை.

மேனேஜர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார். அக்காவின் மார்க் ஷீட்டைப் பார்த்து, "நல்லாப் படிச்சிருக்கேம்மா" என்றார். பிறகு அப்பாவின் பான் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினார். முகம் மாறிவிட்டது.

"என்னங்க, உங்க ஸ்கோர் 561 காட்டுது. ரெண்டு கடன்ல பாக்கி நிக்குது. மேல அனுப்பினாலும் திருப்பிடுவாங்க."

"சார், படிக்கப் போறது எம் மக சார். நான் இல்லையே..." என்றார் அப்பா.

மேனேஜர் பதில் சொல்லவில்லை. பேப்பர்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அப்பா கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலம் தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. என் செமஸ்டர் ஃபீஸ் அவள் அனுப்புகிற பணம்தான். "விடுடா, நீ படி" என்கிறாள். அவள் விட்டுவிட்டாள். என்னால் விட முடியவில்லை.

அந்த இரண்டு பாக்கி எது?

முதல் பாக்கி, அப்பா வலைக்காக ஒரு ஃபைனான்ஸில் வாங்கிய சிறு கடன். 2021-லேயே கட்டி முடித்தது. முடித்த ரசீது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த நிறுவனம் 'கணக்கு முடிந்தது' என்று மேலே தெரிவிக்கவே இல்லை. கட்டியது அப்பா, எழுத மறந்தது அவர்கள், தண்டனை அக்காவுக்கு!

இரண்டாவது பாக்கி வேறு மாதிரி. பெரியப்பா மகன் படகு இன்ஜினுக்கு வாங்கிய கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். படகு பிடிபட்டு இலங்கையில் நிற்கிறது. படகு அங்கே, கடன் இங்கே. நம் கரையில் இது புதுக் கதை இல்லையே! ஒவ்வொரு ஊரிலும் ஒரு பட்டியலே இருக்கிறது. தொழில் இல்லை, தவணை நின்றது. ஜாமீன் போட்டவர் அறிக்கையிலும் அந்தக் கறை ஏறியது.

இதோடு ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது நியாயமான தடைதான், மீன் பெருக வேண்டும். ஆனால் மீனுக்குத் தடைக்காலம் உண்டு, வட்டிக்கு உண்டா? தவணைக்கு உண்டா? வாரக் குழுவில் கடன் வாங்கிய பெண்கள் அந்த இரண்டு மாதம் எப்படிக் கட்டுகிறார்கள் என்பது உங்கள் வீட்டிலேயே கேட்டால் தெரியும். காதில் கழுத்தில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். இல்லையென்றால் தவணை தப்பும். தப்பினால் அத்தனை நாள் தாமதம் என்று அறிக்கையில் ஏறும். தடைக்காலம் என்று அங்கே யாரும் குறிப்பு எழுதுவதில்லை. ஏமாற்றினவனும் கடலுக்குப் போக முடியாதவனும் அந்தத் தாளில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

இந்த மார்க்கைப் போடுவது யார்?

அரசாங்கம் இல்லை, ரிசர்வ் வங்கியும் இல்லை. சிபில் என்பது 2000-ல் தொடங்கிய ஒரு கம்பெனி. இன்று அதன் பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். அதோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என மொத்தம் நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நடக்கின்றன. இவற்றுக்காகவே நாடாளுமன்றம் 2005-ல் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் என்று ஒன்றைப் போட்டது. 2006 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. வங்கி, ஃபைனான்ஸ், குழுக்கடன் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் என்று எல்லாரும் நம் வரவு செலவை இவர்களுக்கு அனுப்ப வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது.

இந்த முறையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வங்கியில் இருப்பது ஊரார் போட்ட பணம். வாங்கினவன் திருப்பித் தர வேண்டும். ஸ்கோர் வருவதற்கு முன் என்ன நிலைமை? பட்டா இருக்கிறவனுக்கும் மேனேஜருக்குத் தெரிந்தவனுக்கும்தான் கடன். கடலை நம்பி இருக்கிறவனுக்கு ஏது பட்டா? வாரம் தவறாமல் கட்டுகிற ஒரு கருவாட்டுக்காரப் பெண் 'நான் நாணயமானவள்' என்று காட்டுவதற்கு ஒரு தாள் கிடைத்தது என்றால் அது நல்லதுதான். அந்தத் தாளில் தப்பாக எழுதினால் யார் கேட்பது, அந்தத் தாளைக் காட்டி யாரைத் தள்ளிவிடலாம் என்பதுதான் என் கேள்வி.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

முதல் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கும் உரிமையை 2005 சட்டமே நமக்குக் கொடுக்கிறது. கேட்ட 30 நாளுக்குள் அவர்கள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அந்த அஸ்திவாரத்தின் மேல் ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் இன்னொரு செங்கல் வைத்தது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பிறகு தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு. 2024 ஏப்ரல் 26 முதல் இது நடப்பில் இருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது 2025-ல். உடனே ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அப்பாவின் அறிக்கையை எடுத்தேன். காசு கிடையாது. நான்கு நிறுவனமும் ஆளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. டிரங்குப் பெட்டி ரசீதை ஸ்கேன் பண்ணிப் புகார் போட்டேன். இருபத்தேழாம் நாள் முதல் பாக்கி மறைந்தது. ஸ்கோர் 618 ஆனது. ரீவேல்யுவேஷனில் பாஸ் ஆன மாதிரி சந்தோஷம்! அப்பாவிடம் காட்டினேன். "ரெண்டு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அப்பாவின் தாளைக் காட்டிப் பிள்ளையைத் தள்ளலாமா? சட்டத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. கோர்ட் தீர்ப்புகள் இருக்கின்றன. பெற்றோரின் ஸ்கோர் சரியில்லை என்பது கல்விக் கடனை மறுக்கக் காரணமாகாது, படித்து முடித்த பின் மாணவனால் திருப்பிக் கட்ட முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2020-ல் சொன்னது. 2023 மே 31-ல் அதே நீதிமன்றத்தில் நீதிபதி குஞ்ஞிகிருஷ்ணன், ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மாணவனின் கல்விக் கடனைத் தள்ளக் கூடாது, நாளைக்கு நாட்டைக் கட்டப் போகிறவர்கள் மாணவர்கள் என்று தீர்ப்பளித்தார்.

தேதியைக் கவனியுங்கள் நண்பர்களே. 2023 மே 31. அக்காவை அந்த வங்கி திருப்பி அனுப்பியது அதே வருடம் ஆகஸ்டில்! தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆகவில்லை. ஆனால் அது கேரளத்துத் தீர்ப்பு. இங்கே எடுத்துக்காட்டலாம், கட்டாயப்படுத்த முடியாது. எடுத்துக்காட்ட எங்களுக்கு விவரமும் இல்லை, வக்கீலும் இல்லை.

2025 ஆகஸ்டில் மக்களவையில் நிதித்துறை இணை அமைச்சர் பங்கஜ் சௌத்ரி ஒரு பதில் சொன்னார். முதல் தடவை கடன் கேட்பவருக்குக் குறைந்தபட்ச ஸ்கோர் என்று ரிசர்வ் வங்கி எதையும் விதிக்கவில்லை, முன்பு கடன் வாங்கியதில்லை என்பதற்காகவே மனுவைத் தள்ளக் கூடாது என்றார். நல்ல பதில்தான். அக்கா முதல் தடவை கேட்டவள்தானே? ஆனால் கூடக் கையெழுத்துப் போடும் அப்பா முதல் தடவைக்காரர் இல்லையே! ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

'கோர்ட் சொல்லியாச்சு, அமைச்சர் சொல்லியாச்சு, சர்க்குலர் வந்தாச்சு, இன்னும் என்னடா?' என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் அமெரிக்கக் கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். மேலே சொன்ன நான்கில் மூன்று நிறுவனங்கள் அங்கேயும் இதே தொழிலைச் செய்பவை. அதனால் அங்கே நடப்பது நமக்குப் பாடம்.

அமெரிக்காவில் கடன் அறிக்கைக்கான சட்டம் 1970-லேயே வந்துவிட்டது. அங்கே ஆஸ்பத்திரிச் செலவு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் ஏறினாலே கடன். அந்த மருத்துவக் கடன் பாக்கியும் அறிக்கையில் ஏறி, வீட்டுக் கடன், கார் கடன் எதுவும் கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கென்று அங்கே ஒரு மத்திய அரசு அமைப்பு இருக்கிறது. நோய் வந்தது ஒருவனின் நாணயக் குறைவு ஆகாது என்று சொல்லி, மருத்துவக் கடனை அறிக்கையிலிருந்து நீக்க அது 2025 ஜனவரியில் ஒரு விதி போட்டது. சுமார் 1.5 கோடிப் பேரின் 4,900 கோடி டாலர் கடன் அறிக்கையிலிருந்து மறையும் என்று கணக்குச் சொன்னார்கள்.

மறைந்ததா? இல்லை. ஆட்சி மாறியது. விதியை ரத்து செய்ய அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கடன் தகவல் தொழில்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விதியைப் போட்ட அமைப்பே, புது ஆட்சியில், 'ஆமாம், ரத்து செய்யுங்கள்' என்று எதிராளியோடு சேர்ந்து மனுப் போட்டது! 2025 ஜூலை 11-ல் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார். காரணம் என்ன தெரியுமா? 1970 சட்டம் மருத்துவக் கடனைச் சில நிபந்தனைகளோடு அறிக்கையில் காட்ட அனுமதிக்கிறது, சட்டம் அனுமதித்ததை விதியால் தடுக்க முடியாது என்பதுதான். அதாவது, அஸ்திவாரம் இல்லாமல் சுவர் எழுப்பினார்கள், விழுந்தது.

நியூயார்க், கொலராடோ போன்ற மாநிலங்கள் தங்கள் அளவில் இதே பாதுகாப்புக்குச் சட்டம் போட்டிருந்தன. 2025 அக்டோபரில் அந்த மத்திய அமைப்பு, இப்படிப்பட்ட மாநிலச் சட்டங்களை மத்தியச் சட்டம் மீறி நிற்கிறது என்று விளக்கம் வெளியிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2017 செப்டம்பரில் ஈக்விஃபாக்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. தங்கள் கம்ப்யூட்டரில் புகுந்து கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் விவரத்தைத் திருடிவிட்டார்கள் என்று. கடைசிக் கணக்கில் அது சுமார் 14.7 கோடிப் பேர். அடுத்த மாதமே அமெரிக்கக் காங்கிரஸ் என்ன செய்தது? ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளர்கள் கூட்டாகச் சேர்ந்து நிதி நிறுவனங்கள் மேல் கோர்ட்டுக்குப் போக வழிசெய்த ஒரு புது விதியைத் தூக்கி எறிந்தது. செனட்டில் 50-க்கு 50 என்று நின்றது. துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் ஒரு ஓட்டுப் போட்டு அந்த விதியைச் சாய்த்தார். விவரம் திருடு போன சூடு ஆறவில்லை, அதற்குள் விதியும் போனது!

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இரண்டு. ஒன்று: ஏழைக்குச் சாதகமான விதி, சட்டத்தில் கால் ஊன்றாவிட்டால், காற்றடிக்கும் திசையில் போய்விடும். இரண்டு: சட்டமே ஆனாலும் அதனால் பயன்பெறுபவனுக்கு அது தெரியாவிட்டால், எடுக்கும்போது கேட்க நாதி இருக்காது. மருத்துவக் கடன் விதி போனபோது அந்த 1.5 கோடிப் பேரில் எத்தனை பேருக்கு அப்படியொரு விதி இருந்ததே தெரிந்திருக்கும்?

நமக்கு என்ன வேண்டும்?

அவர்களுக்கு ஆஸ்பத்திரி. நமக்குக் கடல். நோயாளி விரும்பியா நோயை வரவழைத்தான்? பெரியப்பா மகன் விரும்பியா படகைக் கொடுத்தான்? ஆகவே என் கருத்து இது.

2005 சட்டத்தையே திருத்த வேண்டும். கல்விக் கடன் மனுவை, பெற்றோரின் அல்லது கூடக் கையெழுத்துப் போடுபவரின் கடன் அறிக்கையை மட்டும் காரணம் காட்டித் தள்ளக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். தள்ளினால் காரணத்தை எழுத்தில், அதுவும் தமிழில், தர வேண்டும். அந்நிய நாட்டில் பிடிபட்ட படகு, அரசே விதித்த தடைக்காலம், புயல் ஆகியவற்றால் தப்பிய தவணைக்கு அறிக்கையில் தனிக் குறிப்பு வேண்டும்.

'பெற்றோர் ஸ்கோரைப் பார்க்கவில்லை என்றால் வாராக் கடன் பெருகுமே' என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கவலைதான். பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்கட்டும், அதை மட்டுமே பார்க்க வேண்டாம். பிள்ளையின் மார்க், கோர்ஸ், வேலைவாய்ப்பு இதையும் தராசில் போடட்டும். கடனைக் கட்டப் போவது யார்? அறுபதை நெருங்கும் அப்பாவா, இருபது வயது இன்ஜினியரா? ஐ.டி.ஐ. முடித்தவனுக்கும் டிப்ளமோ முடித்தவனுக்கும் வேலை கிடைக்கும் காலத்தில், அவன் கையை நம்பாமல் அவன் அப்பாவின் பழைய ரசீதைத் துருவுவது என்ன கணக்கு?

'நம்ம சென்னைச் சட்டமன்றத்தில் போட்டால் ஆகாதா?' என்று நண்பன் ஒருவன் கேட்டான். ஆகாது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டித்தொழில் சட்டங்கள் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2022 மே மாதம் கேரள, குஜராத் வழக்கில் சொல்லிவிட்டது. கடன் அறிக்கைச் சட்டமோ முழுக்க முழுக்க மத்தியச் சட்டம். அதனால் நாம் கேட்க வேண்டிய இடம் டெல்லி, பிடிக்க வேண்டிய ஆள் நம் தொகுதி எம்.பி. பக்கத்துச் சிவகங்கைத் தொகுதி எம்.பி. கார்த்தி சிதம்பரம் 2024 டிசம்பரில் மக்களவையில் சிபில் பற்றிக் கேள்வி எழுப்பினார். நம் மார்க்கை யார், எப்படிப் போடுகிறார்கள் என்பது வெளிச்சமாக இல்லை என்றார். பேச்சு தொடங்கிவிட்டது. அதில் கல்விக் கடனையும் கடற்கரையையும் சேர்க்க வேண்டியது நம் வேலை.

நாம் செய்ய வேண்டியது

ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு நான் சும்மா இருக்கலாமா? நமக்கும் வேலை இருக்கிறது.

முதலில், வீட்டில் அப்பா அம்மா அறிக்கையை இந்த லீவிலேயே எடுத்துப் பாருங்கள். கட்டி முடித்த கடன் 'முடிந்தது' என்று இருக்கிறதா? வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா? ஜாமீன் போட்டது எத்தனை? 'செட்டில்டு' என்று போட்டிருந்தால் 'பேசி முடித்தது' என்று சந்தோஷப்படாதீர்கள், அது கறுப்புப் புள்ளி. தப்பு இருந்தால் ரசீதோடு புகார் போடுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 30 நாளில் முடியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கடன் முடித்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டி ஒரு சுப்ரீம் கோர்ட் என்பதை நான் கண்கூடாகப் பார்த்தேன்!

அடுத்து, நம் சொந்தக் கதை. பதினெட்டு வயது முடிந்தவுடன் நம் மார்க் ஷீட்டும் தொடங்கிவிடும். செல்போன் தவணை, பைக் கடன், ஆப்பில் வாங்கும் மூவாயிரம் ரூபாய், 'அப்புறம் கட்டு' என்று தரும் கடன் என எல்லாம் அதில் ஏறும். நண்பனுக்காக நம் பெயரில் செல் எடுத்துக் கொடுப்பது நம்மிடையே சகஜம். அவன் கட்டாவிட்டால் அரியர் நமக்கு. இது விளையாட்டு இல்லை. ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, கடன் அறிக்கை சரியில்லை என்று வங்கி ரத்து செய்தது. விளம்பரத்திலேயே அந்த நிபந்தனை இருந்தது. 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் வங்கி செய்தது சரிதான் என்று சொல்லிவிட்டது. வாங்கின கடன்களைக் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதாடியும் பலன் இல்லை. படித்து, பரீட்சை எழுதி, இன்டர்வியூ முடித்து, கடைசியில் பழைய தவணை வந்து வழிமறித்தால் எப்படி இருக்கும்?

மூன்றாவதாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கிறோம், வைப்போம். அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ ஒரு முகாம் போடுவோம். நாலு லேப்டாப், நாலு மாணவர்கள் போதும். ஊர் ஜனங்களின் அறிக்கையை எடுத்துப் படித்துக் காட்டுவோம். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்வோம். தப்பைக் குறித்துக்கொண்டு நூறு புகார் சேர்ந்தால், அதை ஒரு மனுவாக்கி எம்.பி.யிடம் கொடுப்போம். நூறு குடும்பத்தின் தாள் மேஜை மேல் இருந்தால் யாராலும் 'விவரம் இல்லாமல் பேசுகிறார்கள்' என்று சொல்ல முடியாது.

முடிவாக...

எங்கள் அப்பாவின் ஸ்கோர் இன்னும் 618-ல்தான் நிற்கிறது. முதல் பாக்கி தப்பு, அதனால் திருந்தியது. இரண்டாவது பாக்கி தப்பு இல்லை, அது நிஜம். படகு திரும்பி வரும் வரை அல்லது கடன் தீரும் வரை அது இருக்கும். இந்த வருடம் நானும் நேரடி இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அதே வங்கிக்குத்தான் போவேன். இந்தத் தடவை கையில் இரண்டு தீர்ப்பும், அமைச்சர் சொன்ன பதிலும், அறிக்கையின் நகலும் இருக்கும். கிடைக்குமா தெரியாது. மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு வருவேன்.

போன வாரம் அக்கா போனில் கேட்டாள்: "நீ மட்டும்தான் அப்ளை பண்றியா?"

"இல்லக்கா, உனக்கும் ஒரு ஃபாரம் வாங்கி வச்சிருக்கேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எண்பத்தாறு சதவீதம் இன்னும் செல்லும்ல?" என்றாள்.

செல்லும் அக்கா. அப்பா மார்க்கைப் பார்க்காமல் உன் மார்க்கைப் பார்க்கும் நாள் வர வேண்டும், அவ்வளவுதான். அந்த நாளைக் கேட்டு வாங்குவோம், நண்பர்களே!